இரண்டேகால் வயது, பத்துப் பன்னிரண்டு வார்த்தை: ஸ்பீச் தெரபிக்கு இப்போதே போகலாமா?

உங்கள் கேள்வி இதுதான்: பையனுக்கு இரண்டு வயது நான்கு மாதம். அம்மா, அப்பா, தாத்தா, இங்கா, காக்கா, டாட்டா என்று பத்துப் பன்னிரண்டு வார்த்தைதான் வருகிறது. மாமியார், "அவன் அப்பனும் மூணு வயசுக்கு மேலதான் வாயைத் திறந்தான், சும்மா இரு" என்கிறார். குழந்தை டாக்டர் மூன்று வயது வரை பார்க்கலாம் என்றார். அபார்ட்மெண்டில் இன்னொரு அம்மா தன் பிள்ளையை ஒன்றரை வயதிலேயே தெரபிக்குக் கூட்டிப்போனதாகச் சொல்லி உங்கள் தூக்கத்தைக் கெடுத்துவிட்டார். எந்த வயதில் ஸ்பீச் தெரபி ஆரம்பிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வயதைப் பற்றிக் கேட்டிருந்தாலும், உள்ளே இருக்கும் கேள்வி வேறு என்று நினைக்கிறேன். காத்திருந்தால் பிள்ளைக்குக் கெடுதல் செய்தவளாகிவிடுவேனா, இப்போதே போனால் ஒன்றுமில்லாததைப் பெரிதாக்கியவளாகிவிடுவேனா என்பதுதான் அது. பேச்சு, கேட்பியல் படித்து, பல வருடங்களாகக் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களில் ஒருவராகப் பதில் சொல்கிறேன். மதிப்பீட்டுக்கு, அதாவது பேச்சு, புரிதல், காது எல்லாம் எப்படி இருக்கின்றன என்று பார்த்துச் சொல்வதற்கு, இப்போதே போங்கள். தெரபி வேண்டுமா என்பது அதற்கு அப்புறம் வரும் கேள்வி. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் வீடுகளில் இத்தனை சண்டை. மதிப்பீடு என்பது எடை, உயரம் பார்க்கப் போவது போன்றதுதான். வருகிறவர்களில் கணிசமான பேர் "வீட்டில் இப்படி இப்படிச் செய்யுங்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்ற பதிலோடு திரும்பிப் போகிறார்கள். அப்படிப் போவதற்கும் சும்மா காத்திருப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. ஒன்றில் தேதி இருக்கிறது, எதைக் கவனிக்க வேண்டும் என்பதும் தெரியும். இன்னொன்றில் மூன்று வயது நிறைந்ததும் "நாலு வயசு வரை பார்ப்போமே" என்று தள்ளிப் போவதுதான் வழக்கம்.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் எல்லோரும் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஒரு வயதை ஒட்டி முதல் வார்த்தை, இரண்டு வயதில் சுமார் 50 வார்த்தை, "அப்பா வா", "பால் வேணாம்" மாதிரி இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசுவது என்பது பல வருடமாக எங்கள் துறை பயன்படுத்தும் கணக்கு. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, எந்த வயதில் குழந்தை என்ன செய்யும் என்ற தன் பட்டியலை 2022-ல் மாற்றியபோது 50 வார்த்தையை 30 மாதத்துக்கு நகர்த்தியது. நான்கில் மூன்று குழந்தைகள் எதைச் செய்துவிடுகிறார்களோ அதையே அளவாக வைத்தோம் என்று காரணம் சொன்னார்கள். எங்கள் துறையில் பலருக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த வருடமே அங்குள்ள பேச்சு, கேட்பியலாளர்களின் சங்கமான ஆஷா தனியாக ஒரு பட்டியல் வெளியிட்டது. ஆக, இணையத்தில் இரண்டு விதமான எண்கள் கண்ணில் பட்டால் பதற வேண்டாம். எந்தக் கணக்கில் வைத்தாலும் 28 மாதத்தில் பத்துப் பன்னிரண்டு என்பது குறைவு. குறைமாதத்தில் பிறந்த குழந்தையானால் இரண்டு வயது வரை, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து வயதைக் கணக்கிட வேண்டும். "ஆம்பளைப் பிள்ளைங்க லேட்டாதான் பேசும்" என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் அது ஓரிரு மாத வித்தியாசம்தான். ஒரு வருடத்துக்கு அதைச் சாக்காகச் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த எண்களில் பெரும்பாலானவை ஆங்கிலம் பேசும் குழந்தைகளைப் பார்த்து எழுதியவை. தமிழில் "போயிட்டான்" என்று ஒரு குழந்தை சொன்னால் அந்த ஒரே சொல்லில் யார், எப்போது என்பதெல்லாம் அடங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு மூன்று சொல் வேண்டும். அதனால் சொல்லை எண்ணுவதில் தமிழ்க் குழந்தைக்குக் கொஞ்சம் அநியாயம் நடக்கலாம். தமிழுக்கென்று விரிவான, பல மாவட்டக் குழந்தைகளையும் பார்த்துத் தயாரித்த அளவுகோல்கள் எங்கள் கையில் போதுமான அளவு இல்லை. எனவே 50 என்பதை எல்லைக்கோடாக நினைக்காதீர்கள், தோராயமான அடையாளம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணுவதென்றால் சரியாக எண்ணுங்கள். "இங்கா" என்று எப்போதும் பாலுக்கே சொன்னால் அது ஒரு வார்த்தை. "மம்மு", "ஜோஜோ", நாயைக் கண்டால் "பௌ பௌ", எல்லாமே வார்த்தைதான். உச்சரிப்பு சரியாக இருக்க வேண்டியதில்லை, ஒரே பொருளுக்கு ஒரே மாதிரி, தானாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் தமிழும் தெலுங்கும் பேசினால் இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். இப்படிக் கணக்கெடுத்த பிறகு பன்னிரண்டு இருபத்தைந்தாக மாறிய வீடுகளும் உண்டு.

ஆனால் மதிப்பீட்டு அறையில் நான் முதலில் பார்ப்பது வார்த்தையை அல்ல. அதற்கு முன்னால் மூன்று விஷயங்கள் இருக்கின்றன, மூன்றைப் பற்றியும் நீங்கள் எழுதவில்லை. முதலாவது, விரல். தூரத்தில் போகும் பஸ்ஸையோ நிலாவையோ ஆள்காட்டி விரலால் காட்டிவிட்டு, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா? வேண்டியதைக் கேட்பதற்காகக் கை நீட்டுவது வேறு, "பாரேன்" என்று காட்டுவது வேறு. இரண்டாவது வகைதான் எனக்கு முக்கியம். ஒன்றரை வயதைத் தாண்டியும் அது இல்லையென்றால், வார்த்தை எத்தனை இருந்தாலும் கவனித்தே ஆக வேண்டும். தண்ணீர் வேண்டுமென்றால் உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஃபில்டர் மேல் வைக்கிறான், முகத்தைப் பார்ப்பதே இல்லை என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, புரிதல். எல்லா அம்மாக்களும் "சொன்னதெல்லாம் புரியும், பேச மட்டும்தான் மாட்டான்" என்றே ஆரம்பிப்பார்கள். பல சமயம் அது உண்மைதான். சில சமயம், நம்மை அறியாமலே நாம் துப்புக் கொடுத்துக்கொண்டிருப்போம். செருப்பைப் பார்த்தபடி "செருப்பை எடுத்துட்டு வா" என்போம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு "வெளிய போலாமா?" என்போம். குழந்தை கண்ணையும் பையையும் படித்துவிட்டு ஓடிவரும். வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். கையைக் கட்டிக்கொண்டு, எதையும் பார்க்காமல், குரலை மட்டும் வைத்து, அந்த நேரத்துக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லுங்கள்: "பந்தைத் தாத்தாகிட்ட குடு." இரண்டேகால் வயதில் இதை அவன் பெரும்பாலும் செய்துவிட வேண்டும். புரிதல் வயதுக்கேற்ப இருந்து பேச்சு மட்டும் குறைவாக இருக்கும் குழந்தைக்கும், இரண்டுமே குறைவாக இருக்கும் குழந்தைக்கும் பாதை ஒன்றல்ல. இரண்டாவது வகைக் குழந்தையை ஒரு மாதம்கூடக் காத்திருக்க வைக்கக்கூடாது என்பது என் கருத்து.

மூன்றாவது, பேச்சு எதற்குப் பயன்படுகிறது என்பது. கடந்த சில வருடங்களாக அடிக்கடி பார்க்கும் குழந்தை ஒன்று உண்டு. ஏ முதல் இசட் வரை சொல்வான், ஒன்றிலிருந்து ஐம்பது வரை எண்ணுவான், கலர் பெயர், ரைம்ஸ் எல்லாம் அமெரிக்க உச்சரிப்பில் வரும். வீட்டில் எல்லோருக்கும் பெருமை. ஆனால் தாகம் எடுத்தால் தண்ணீர் என்று கேட்கத் தெரியாது. "உன் பேர் என்ன?" என்றால் "பேர் என்ன?" என்று நம்மிடமே திருப்பிச் சொல்வான். வார்த்தைகளை எண்ணினால் இவனுக்கு நூறு தாண்டும், உங்கள் பையனுக்குப் பத்துதான். ஆனாலும் அந்தப் பத்தை வைத்துக்கொண்டு உங்களைக் கூப்பிட்டு, காட்டி, மறுத்து, சண்டை போட்டு, சிரிக்கிறவன் என்றால், உங்கள் பையனைப் பற்றி எனக்குக் கவலை குறைவு.

இப்போது இந்தப் பதிலிலேயே எனக்கு மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்: காது. பேச்சு தாமதம் என்று வரும் எந்தக் குழந்தைக்கும் கேட்கும் திறனைச் சோதிக்காமல் தெரபி ஆரம்பிப்பது தவறு. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. "கூப்பிட்டா திரும்புறான், குக்கர் விசில் அடிச்சா ஓடி வர்றான்" என்பது போதாது. கனத்த ஒலி கேட்டு, மெல்லிய உயர்சுருதி ஒலி கேட்காத குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு ஆள் கூப்பிடுவது கேட்கும், வார்த்தையில் இருக்கும் ச, ஸ போன்ற ஒலிகள் காதிலேயே விழாது. அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோர்த்துக்கொள்ளும் குழந்தைக்கு ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், அடுத்த வாரம் மந்தமாகக் கேட்கும். வீட்டில் "பிடிவாதம்" என்று நினைப்பார்கள். பிறந்தபோது செய்த, உள்காது வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஓஏஇ சோதனையில் பாஸ் என்று சீட்டு இருந்தாலும் அது இன்றைக்குச் செல்லாது. கேட்கும் திறன் பின்னாலும் குறையலாம். பிறந்தவுடன் மஞ்சள் காமாலை அதிகமாகி ரத்தம் மாற்றும் அளவுக்குப் போயிருந்தால், பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவான என்ஐசியூவில் பல நாள் இருந்திருந்தால், மூளைக்காய்ச்சல் வந்திருந்தால், சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பத்தில் யாருக்காவது காது கேட்காமல் இருந்தால், இதையெல்லாம் மறக்காமல் சொல்லுங்கள். கடுமையான காமாலைக்குப் பிறகு சில குழந்தைகளுக்கு உள்காது ஒழுங்காக இருந்து, நரம்பு வழியாகப் போகும் செய்தி மட்டும் சிதறிப்போகும். அவர்களுக்கு ஓஏஇ நார்மல் என்றே வரும், காதிலிருந்து மூளைக்கு நரம்பு வழியாகச் செய்தி ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்கும் பெரா சோதனை எடுத்தால்தான் தெரியும். பிறவியிலேயே முழுவதும் கேட்காத குழந்தைக்குக் உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவைச் சிகிச்சை தமிழ்நாட்டில் முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் ஆறு வயதுக்குள் என்ற வரம்பு இருக்கிறது. அந்த வரம்பு வரை காத்திருப்பதும் தாமதம்தான். மூளை ஒலியைப் பழகிக்கொள்ளும் வேகம் முதல் இரண்டு மூன்று வருடங்களில்தான் அதிகம்.

காது சரியாக இருக்கிறது, புரிதலும் இருக்கிறது, விரல் காட்டுகிறான், விளையாடுகிறான், வார்த்தை மட்டும்தான் குறைவு என்று வைத்துக்கொள்வோம். இப்படிப்பட்டவர்களைத் தாமதமாகப் பேசுகிறவர்கள் என்று தனியாகப் பிரித்து நிறைய ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். இவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மூன்று, நான்கு வயதுக்குள் மற்ற பிள்ளைகளை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். உங்கள் மாமியாரும் டாக்டரும் சொல்வதற்கு அடிப்படை அதுதான், அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் பையன் எந்தப் பாதியில் இருக்கிறான் என்பதை இரண்டேகால் வயதில் உறுதியாகச் சொல்லும் வழி யாரிடமும் இல்லை. என்னிடமும் இல்லை. சில குறிகள் மட்டும் உண்டு: புரிதல் நன்றாக இருப்பது, சைகைகள் நிறைய இருப்பது, பொம்மைக்குச் சோறு ஊட்டுவது மாதிரி பாவனை விளையாட்டு விளையாடுவது, மாதத்துக்கு மாதம் புதிதாக ஏதாவது சேர்வது. இவை இருந்தால் நம்பிக்கை அதிகம். கைக்குழந்தையாக இருந்தபோதே அதிகம் மழலை பேசாதவன், எப்போதும் ஒன்றிரண்டு ஒலிகளையே வைத்துச் சமாளிப்பவன் என்றால் நம்பிக்கை கொஞ்சம் குறைவு.

அப்பாவும் தாமதமாகப் பேசினார் என்பதை வீட்டில் ஆறுதலாகச் சொல்கிறார்கள். எங்கள் படிவத்தில் அது ஆபத்துக் காரணிகளின் கட்டத்தில் வரும். பேச்சுத் தாமதமும் மொழிச் சிக்கலும் குடும்பத்தில் ஓடுபவை. அப்பா நன்றாகப் பேசி வேலைக்குப் போய்விட்டார் என்பது சந்தோஷம்தான், ஆனால் பள்ளியில் படிக்க, எழுத அவர் பட்ட பாடு என்னவென்று மாமியாரிடம் மெதுவாக விசாரித்துப் பாருங்கள், சில வீடுகளில் சுவாரசியமான பதில் வரும். தென்மாவட்டங்களில் "குமரகுருபரரே அஞ்சு வயசு வரைக்கும் ஊமையா இருந்து திருச்செந்தூர்லதான் பாடினாரு" என்றும் தாத்தாக்கள் சொல்வார்கள். நியாயமான மரபுக்கதை. அது முருகன் அருளால் நடந்தது என்றுதான் அந்தக் கதையும் சொல்கிறது, தானாகச் சரியானது என்று சொல்லவில்லை என்பதை மரியாதையோடு எடுத்துச் சொல்லலாம். சீர்காழி பக்கம் திருக்கோலக்காவில் ஓசை கொடுத்த நாயகியிடம் பேச்சு வர வேண்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். போய்விட்டு வாருங்கள். பெரா தேதியை மட்டும் அதற்காகத் தள்ளிப் போடாதீர்கள்.

காரணம் என்று ஊரில் சொல்பவற்றில் சிலவற்றை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். இரண்டு மொழி பேசுவதால் பேச்சு தாமதமாகாது. இதில் ஆதாரம் உறுதியானது. "குழப்பமாயிடும், இங்கிலீஷ் மட்டும் பேசுங்க" என்று யாராவது, தெரபிஸ்ட்டே ஆனாலும், சொன்னால் கேட்காதீர்கள். உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில்தான் பிள்ளையோடு நிறையப் பேச முடியும். நாக்கு ஒட்டியிருப்பது சில குழந்தைகளுக்குப் பால் குடிப்பதிலும் ஓரிரு ஒலிகளிலும் சிரமம் தரலாம். அதை வெட்டிவிட்டால் பேசாத குழந்தை பேசிவிடும் என்பது கிடையாது. நாக்கில் வசம்பு உரைப்பதால் பேச்சு வருவதற்கு ஆதாரம் இல்லை. அதில் நச்சுத்தன்மை உள்ள பொருளும் இருப்பதால் கைக்குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். செல்போன் விஷயம் கொஞ்சம் சிக்கல். திரை அதிகம் பார்க்கும் குழந்தைகளுக்குப் பேச்சு குறைவாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிகிறது. திரையால் பேச்சு குறைந்ததா, பேச்சு குறைந்த குழந்தையைச் சமாளிக்க வீட்டில் போனைக் கொடுத்தார்களா என்று பிரிப்பது கடினம். எப்படியும், போன் ஓடும் நேரத்தில் யாரும் குழந்தையோடு பேசுவதில்லை என்பது நிச்சயம். இரண்டு வயதுக்குள் வேண்டாம், அதன்பின் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்பது 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. போனை நிறுத்திப் பாருங்கள், நல்லதுதான். ஆனால் "போன்தான் காரணம், நிறுத்தினால் சரியாகிவிடும்" என்று வேறு பரிசோதனைகளை விட்டுவிடாதீர்கள். பிளே ஸ்கூலுக்கும் இதே பதில்தான்: சேர்க்கலாம், மதிப்பீட்டுக்குப் பதிலாகச் சேர்க்க வேண்டாம்.

இதே சந்தேகத்தோடு மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளின் பெற்றோரும் இதைப் படிக்கலாம் என்பதால் அவர்களுக்கும் கொஞ்சம் எழுதுகிறேன். பேசுகிறான், ஆனால் புரியவில்லை என்பது வேறு பிரச்சினை. மூன்று வயதில் வெளியாள் ஒருவருக்குப் பிள்ளை பேசுவதில் முக்கால்வாசியும், நான்கு வயதில் அநேகமாக முழுவதும் புரிய வேண்டும். "காக்கா"வை "தாத்தா" என்பது மூன்று வயதில் சிரித்துவிட்டு விடக்கூடியது, நாலரையில் அப்படியில்லை. ர, ற, ழ கடைசியில்தான் வரும். 27 மொழிகளின் தரவுகளைச் சேர்த்து 2018-ல் வந்த ஒரு தொகுப்பாய்வில், ஐந்து வயதுக்குள் பெரும்பாலான மெய்யொலிகள் பிள்ளைகளுக்கு வந்துவிடுவதாகத் தெரிந்தது. ழகரத்துக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: வீட்டில் பெரியவர்களே "வாளப்பளம்" என்று சொல்லும்போது பிள்ளை அதையே சொன்னால் அது வட்டார வழக்கு, குறை கிடையாது. அதற்குத் தெரபி என்று யாராவது காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

திக்குவது இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் திடீரென்று ஆரம்பிக்கும், பெற்றோர் ஆடிப்போய்விடுவார்கள். ஆரம்பிப்பவர்களில் நான்கில் மூன்று பேருக்காவது தானாக மறைந்துவிடுகிறது. ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, குடும்பத்தில் பெரியவர் யாருக்காவது திக்கல் இருந்தாலோ, பேசும்போது கண்ணை இறுக்கிச் சிமிட்டுவது, காலைத் தட்டுவது, "நீயே சொல்லு" என்று பேசாமல் ஒதுங்குவது தென்பட்டாலோ காத்திருக்க வேண்டாம். அதுவரை "மெதுவா பேசு, மூச்சு இழுத்துட்டுப் பேசு" என்று திருத்தாமல், வார்த்தையை நீங்கள் முடித்துவைக்காமல், சொல்லி முடிக்கும் வரை கேளுங்கள். வாரக்கணக்கில் குரல் கம்மியே இருக்கும் பிள்ளை முதலில் ஈஎன்டி டாக்டரைப் பார்க்க வேண்டும். அண்ணப்பிளவு அறுவைச் சிகிச்சை செய்த குழந்தைக்குப் பேச்சு மூக்கு வழியாக வந்தாலும் அப்படியே.

எந்த வயதானாலும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டியது ஒன்று உண்டு: பேசிக்கொண்டிருந்த வார்த்தைகள் காணாமல் போவது. ஒன்றரை வயதில் பத்து வார்த்தை சொன்னவன் இப்போது ஒன்றும் சொல்வதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் "கண்ணு பட்டிருக்கும்" என்று ஒரு வாரம்கூட விடாதீர்கள். ஆட்டிசமாக இருக்கலாம், கேட்கும் திறன் குறைந்திருக்கலாம், அரிதாக வலிப்பு சம்பந்தப்பட்டதாகவும் இருக்கலாம். எதுவென்று குழந்தை நரம்பியல் அல்லது வளர்ச்சி மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் டிஇஐசி என்று ஒரு பிரிவு இருக்கும், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்று போர்டில் எழுதியிருப்பார்கள். குழந்தைகளின் உடல்நலத்துக்காக 2013-ல் வந்த ஆர்பிஎஸ்கே என்ற மத்தியத் திட்டத்தில் வந்தவை இவை. காது, பேச்சு, வளர்ச்சி எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள், கூட்டம் இருக்கும். சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுகள் உள்ளவர்களுக்கான மத்திய அரசு நிறுவனமான நிப்மெட் இருக்கிறது. மைசூரில் உள்ள ஆயிஷ் நிறுவனம் இந்தத் துறையில் நாட்டின் பழைய நிறுவனங்களில் ஒன்று, அங்கேயும் தமிழ்நாட்டிலிருந்து நிறையப் பேர் போகிறார்கள். தனியாரிடம் போனால் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: ஆர்சிஐ பதிவு எண் என்ன? பேச்சு, கேட்பியல் பட்டம் படித்தவர்கள் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். சில மாதச் சான்றிதழோடு "ஸ்பீச் தெரபி சென்டர்" என்று போர்டு மாட்டியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எண் கேட்டால் கோபப்படுகிறவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

தெரபி என்றால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இந்த வயதுப் பிள்ளைக்கு நல்ல தெரபி பார்ப்பதற்கு விளையாட்டு மாதிரிதான் இருக்கும். உங்களையும் உள்ளே உட்காரவைத்து, நீங்கள் வீட்டில் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லித் தருவார்கள். வாரத்தில் ஓரிரு மணி நேரம் நாங்கள் செய்வதைவிட, மீதி நேரத்தில் வீட்டில் நடப்பதுதான் பேச்சைக் கொண்டுவருகிறது. கதவைச் சாத்திக்கொண்டு, பெற்றோரை வெளியே உட்காரவைத்து, என்ன செய்தார்கள் என்றே சொல்லாத இடத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. மெழுகுவத்தி ஊதவைப்பது, விசில் அடிக்கவைப்பது, உதட்டில் தேன் தடவி நக்கவைப்பது என்று ஒவ்வொரு செஷனையும் ஓட்டுகிறவர்களிடமும் கேள்வி கேளுங்கள். ஊதுவதால் பேச்சு வரும் என்பதற்கு ஆதாரம் மிகப் பலவீனம். இன்னும் பலர் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். தெரபிக்குப் போனால் "ஊனம்" என்று எங்காவது பதிவாகிவிடுமா என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. ஆகாது. மாற்றுத்திறனாளி சான்றிதழ் என்பது நீங்களே விண்ணப்பித்து, மருத்துவக் குழு பார்த்துக் கொடுப்பது.

அப்பாயின்ட்மெண்ட் வரும் வரை வீட்டில் செய்ய ஒன்றைச் சொல்கிறேன். "இது என்ன? அது என்ன? சொல்லு, சொல்லு" என்று பரீட்சை வைப்பதை நிறுத்துங்கள். அவன் எதைப் பார்க்கிறானோ அதைப் பற்றி நீங்கள் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். அவன் "காக்கா" என்றால் "காக்கா பறக்குது" என்று ஒரு சொல் கூட்டிச் சொல்லுங்கள், திருப்பிச் சொல்லச் சொல்லாதீர்கள். பிறகு கொஞ்சம் இடைவெளி விடுங்கள். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, நண்டு ஊருது நரி ஊருது என்று கையில் விரலை ஏற்றிக்கொண்டே போவோமே, அதில் அக்குள் வருவதற்கு முன்னால் நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். பத்து நொடி வரைக்கும் காத்திருங்கள், நீளமாகத் தெரியும். கண்ணாலோ, சத்தத்தாலோ, "இன்னும்" என்றோ அவன் உங்களைக் கேட்பான். கேட்க ஒரு காரணம் கிடைக்கும் இடத்தில்தான் வார்த்தை பிறக்கும். கூட்டுக்குடும்பத்தில் அவன் வாயைத் திறப்பதற்குள் நான்கு பேர் தண்ணீர் நீட்டுகிறார்கள் என்றால், அந்த நான்கு பேரிடமும் இதைச் சொல்லுங்கள்.

பையனைப் பார்க்காமல் எழுதுவதால், இதில் எதையும் அவனுக்கான முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போகும்போது அவன் சொல்லும் வார்த்தைகளின் பட்டியல், பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, வீட்டில் அவன் தன்பாட்டில் விளையாடும்போது எடுத்த இரண்டு மூன்று நிமிட வீடியோ மூன்றையும் எடுத்துப் போங்கள். புது இடத்தில் பல குழந்தைகள் வாயே திறக்காது, அந்த வீடியோதான் எங்களுக்கு உதவும். பெரா சோதனை அவன் தூங்கும்போதுதான் எடுக்க முடியும். அதனால் அவன் வழக்கமாகத் தூங்கும் மதிய நேரத்துக்கு டோக்கன் கேளுங்கள், அன்று காலை சீக்கிரம் எழுப்பிவிடுங்கள், போகும் வழியில் பஸ்ஸில் தூங்கவிடாதீர்கள்.